பாலத்திற்கு இப்பால்

தமிழர் இருவர் வெளியிடத்தில் சந்தித்தால் பெயரைக் கேட்கும் முன்னரே ஊரைக் கேட்கின்றனர். "எந்த ஊர்ப் பக்கம்?" என்னும் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டால் போதும், உறவும், உணவும், இருவருக்கும் தெரிந்த மனிதர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துவிடுவர். மாட்டுங்காவின் காப்பிக் கடையிலும், தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலும், செம்பூர்க் கோயில் வாசலிலும் இவ்வினா ஒலிக்காத நாள் இல்லை. கேட்பவர் எதிர்பார்ப்பது திருநெல்வேலி என்றோ, பாலக்காடு என்றோ, தஞ்சாவூர் என்றோ வரும் ஒரு விடையை. "வாஷி" என்று சொன்னால், "அது சரி, சொந்த ஊர் எது?" என்று மறுவினா எழும். அந்த மறுவினாவைப் பற்றியே இங்குச் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். புதியதொரு நகரில் குடியேறி, அங்கே அன்றாடம் வாய்க்கும் சிறு இன்பங்களை நுகர்ந்து வாழ்ந்து வந்தால், அந்நகர் எந்நாளில் ஊராகிறது? ஆகத்தான் செய்கிறதா?

எங்கள் இல்லத்தில் நால்வர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பார்க்கும் எழுத்தர் பணியே குடும்பத்தின் வருவாய். நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து பி.ஏ. பட்டத்தையும் தேர்வாணையத்தின் ஆணையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு மும்பை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நெடுங்காலம் அன்டாப்ஹில் அரசுக் குடியிருப்பில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாழ்ந்தோம். மாட்டுங்கா நடந்து செல்லும் தொலைவு. வாழை இலை, மல்லிகைச் சரம், வறுத்து அரைத்த காப்பிப்பொடி, மார்கழிப் பஜனை ஆகிய யாவும் கால் நடைக்குள் அடங்கியிருந்தன. அவ்வளவு அருகில் அவை இருந்ததால் அவற்றை நாங்கள் இன்பங்கள் என்று எண்ணியதே இல்லை.

2018 நவம்பர் 16ஆம் நாள் பொழுது புலரும் முன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் நின்ற பதினேழு தென்னைகளில் மூன்றே எஞ்சின. வீட்டின் மேற்கூரையில் பாதி ஓடுகள் தெருவில் கிடந்தன. தனியே இருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தோம். மறு ஆண்டு அலுவலகத்தில் இடமாற்ற ஆணை வந்தது. கோட்டைப் பகுதியிலிருந்து நவி மும்பையின் பேலாப்பூருக்கு! ஓரறையில் நால்வர் நெருக்கியிருந்த எங்களுக்கு அது வேறு வழியையும் காட்டிற்று. குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு, வீட்டு வாடகைப் படியை நம்பி, 2019ஆம் ஆண்டு பள்ளி திறக்குமுன் வாஷியில் முதல் மாடி வீடொன்றிற்கு வாடகைக்குக் குடியேறினோம்.

பேலாப்பூரிலேயே வீடு பார்த்திருக்கலாமே என்று கேட்டவர் பலர். அதற்குக் காரணம் அம்மா. "முருகன் ரொம்பத் தள்ளிப் போயிடக் கூடாது, தம்பி" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. வாஷியிலிருந்து ரயிலேறினால் மான்குர்த், கோவண்டி, அடுத்தது செம்பூர். சேடாநகர் முருகனிடம் போய்ச் சேர அதைவிட அருகில் பாலத்திற்கு இப்பால் வேறிடம் இல்லை. மாட்டுங்கா நண்பர்களோ எங்களை ரங்கூனுக்குக் கப்பலேற்றுபவர்களைப் போல வழியனுப்பினர். "அங்கே காப்பிப்பொடி கிடைக்குமா?" என்று வருந்தியவர்களும் உண்டு. பம்பாய்த் தமிழர் உள்ளத்தில் வாஷிப் பாலம் என்பது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அன்று. அது வேறொரு நாட்டின் எல்லை.

இந்நகரின் வரலாறு எழுதிவைத்துப் பிறந்த வரலாறு. பம்பாய் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தீவு. அலுவலகங்கள் தென்முனையில், மக்கள் வடக்கே. காலையில் எல்லாரும் தெற்கே பாய்வதும், மாலையில் எல்லாரும் வடக்கே பாய்வதும் முடிவின்றி நடக்க இயலாது என்று கண்ட கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவும், பிரவீணா மேத்தாவும், பொறியாளர் ஷிரீஷ் பட்டேலும் 1960களின் நடுப்பகுதியில் ஒரு கருத்தை முன்வைத்தனர். கழிக்கு அப்பால், கிழக்கே, பெருநிலத்தில் ஒரு புதிய நகரை அமைத்தால் வடக்கு தெற்கு ஓட்டம் தணியும் என்பதே அக்கருத்து. 1970 மார்ச்சில் அதற்கெனச் சிட்கோ என்னும் கழகம் தோன்றியது. 95 கிராமங்களின் நிலத்தைத் தழுவி ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நகரம் வரையப்பட்டது. 1973இல் தானே கழியின்மேல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. வாஷி முதலில் எழுந்தது. ஆனால் ரயில் பாலம் வந்து மான்குர்த்தையும் வாஷியையும் இணைத்தது 1992 மே மாதத்தில்தான். இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளும் பேருந்தை நம்பி வாழ்ந்த முதற்குடிகளை எங்கள் கட்டடத்தில் இன்றும் காணலாம். தெரு விளக்கு இல்லாத காலத்தையும், மாலை ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டமில்லாத சாலைகளையும் அவர்கள் விவரிக்கும்போது, குரலில் குறையைவிடப் பெருமிதமே மிகுந்திருக்கும்.

எண்ணிட்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்ட இந்நகரைக் கண்டதும் எங்களுக்கு முதலில் தோன்றியது, இது ஓர் அலுவலகக் கோப்பு என்பதே. ஒன்பதாம் செக்டர், பத்தாம் செக்டர், பதினேழாம் செக்டர் என்று பக்க எண்கள் இட்டு நூலால் கட்டிய கோப்பு. கோப்பில் எவரும் குடியிருக்க இயலுமா? தெருவிற்குப் பெயரில்லை, சந்துக்குக் கதையில்லை. பிள்ளையார் கோயில் தெரு, மேட்டுத் தெரு, கடைத்தெரு என்று வளர்ந்த நாவிற்கு எண்கள் ஒட்டவில்லை.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம் மாட்டுங்கா மட்டும் தானாக முளைத்ததா? 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. அவ்வமைப்பு வயல்களையும் சதுப்புகளையும் சமன்செய்து, கோடு கிழித்து, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை மனை மனையாகப் பிரித்தது. இன்று நாம் பழைமையின் வடிவமாகப் போற்றும் மாட்டுங்காவும் ஒரு காலத்தில் வரைபடத்தில் பிறந்த புறநகரே. அங்கு முதலில் குடியேறிய நம் பாட்டனார்களையும், "அவ்வளவு தொலைவா? அங்கே என்ன இருக்கிறது?" என்று கிர்காவ்ம் நண்பர்கள் கேட்டிருக்கக்கூடும். தாராவியோ, வரைபடமே இன்றி, தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம்மவர் உள்ளிட்ட உழைப்பாளிகள் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு மேடாக்கித் தம் கையாலேயே எழுப்பிய ஊர். கோயிலும் பள்ளியும் மளிகைக் கடையும் பின்னர் வந்தன. ஆதலின் புதுமை ஒரு குறையன்று. அது வயதின் குறைவு மட்டுமே.

இனி இன்பங்களைச் சொல்வோம். முதலாவது, ரயிலில் ஜன்னலோர இருக்கை! பம்பாய்வாசிகள் இதைப் படித்து நகைக்கக்கூடும். ஆனால் அவர்களே இதன் அருமையையும் அறிவர். பன்வேலிலிருந்து பம்பாய் நோக்கி வரும் காலை வண்டிகளில் மனிதர் ஒருவர்மேல் ஒருவராக நிற்கின்றனர். வாஷியிலிருந்து பேலாப்பூர் செல்வதோ எதிர்த்திசைப் பயணம். சான்பாடா, ஜுயிநகர், நெருள், சீவுட்ஸ், அடுத்தது பேலாப்பூர். கால் மணி நேரம், அமர்ந்து செல்லலாம், செய்தித்தாளை முழுதாக விரித்துப் படிக்கலாம். பதினைந்து ஆண்டுகள் ஒற்றைக் காலில் நின்று கோட்டைக்குச் சென்ற உடம்பிற்கு, அமர்ந்து செல்லும் அந்தக் கால் மணி நேரம் ஊதிய உயர்வுக்கு நிகர். கொரியாவும் அவர் தோழர்களும் எண்ணிய கிழக்கு மேற்கு ஓட்டம் அவர்கள் விரும்பிய அளவிற்கு நிறைவேறவில்லை என்பர் அறிந்தோர். எங்கள் ஒரு குடும்பத்தின் அளவில் நிறைவேறிற்று.

இரண்டாவது, மாலையில் கழியோரம் நடப்பது. சாகர் விகார் பக்கத்திலும், 'மினி சீஷோர்' என்று எல்லாரும் அழைக்கும் இடத்திலும் பெரிய நீர்நிலைகள் உள்ளன. அவற்றை அழகுக்காக வெட்டிய ஏரிகள் என்றே முதலில் நினைத்தோம். உண்மையில் அவை நகரின் உயிர்க்காவல். வாஷியின் நிலம் தாழ்ந்தது. மழைக்காலத்தில் கழியில் நீர் ஏறும் வேளையில் நகரின் மழைநீர் வெளியேற வழியில்லை. அந்நீரை அதுவரை வாங்கி வைத்துக்கொள்ளவே இக்குளங்கள் அமைக்கப்பட்டன. குளத்திற்கும் கழிக்கும் இடையே ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவுகள். ஓதம் ஏறினால் அதன் அழுத்தமே கதவை மூடும். ஓதம் இறங்கினால் உள்நீரின் அழுத்தமே அதைத் திறக்கும். ஒல்லாந்தர் தாழ்நிலங்களைக் காக்கும் முறையைத் தழுவியது இது என்று அண்டை வீட்டுப் பொறியாளர் விளக்கினார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இதுல என்ன இருக்கு, நம்ம கடைமடை மதகுதானே?" என்றார். காவிரியின் கடைசி வாய்க்கால்கள் கடலைத் தொடும் நாட்டில், உப்புநீர் உள்ளே ஏறாமல் காக்கும் மதகுகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். நகரமைப்பு வல்லுநர்களின் கணக்கு அவருக்கு வாய்க்கால் வழக்காகவே பட்டது. அன்று முதல் அந்தக் குளம் எங்கள் இல்லத்தில் 'மதகடி' என்றே வழங்கலாயிற்று. எண்ணால் அமைந்த நகரில் எங்கள் நாவிற்குக் கிடைத்த முதல் இடப்பெயர் அதுதான்.

ஓதம் இறங்கிய பொழுதுகளில் சேற்று மணம் நகருக்குள் வரும். விருந்தினர் மூக்கைப் பொத்துவர். அம்மா மட்டும் மூச்சை இழுத்து, "அளத்து வாசம்" என்பார். வேதாரண்யத்தின் உப்பளக் காற்றில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அது அருவருப்பாக இருக்குமா? கொசுக்களைப் பற்றி மட்டும் அவரும் நல்ல சொல் சொன்னதில்லை. வாஷியின் கொசுக்களைப் புகழ எவராலும் இயலாது.

மூன்றாவது, மீன். வாஷி என்னும் நகரத்திற்குள்ளேயே வாஷி என்னும் கிராமம் ஒன்று இருக்கிறது. ஜுகாவ்ம் என்பதும் அவ்வாறே. கோலி மீனவரும் ஆக்ரி உழவரும் தலைமுறை தலைமுறையாக வாழும் குறுகிய தெருக்கள் அவை. அங்குள்ள மீன்சந்தையில் கோலிப் பெண்மணி ஒருவரோடு அம்மாவுக்கு நட்பு உண்டாயிற்று. இருவருக்கும் பொதுமொழி இல்லை. அம்மா ஒரு மீனைத் தொட்டு "வாவல்" என்பார்; அவர் "பாப்லேட்" என்பார். அம்மா "வஞ்சிரம்" என்றால் அவர் "சுர்மை". "கானாங்கெளுத்தி" என்றால் "பாங்டா". இறாலுக்கு "கோலம்பி". செவுளைத் தூக்கிக் காட்டுவதும், கண்ணின் தெளிவைப் பார்ப்பதும், விலையைக் கேட்டு எழுந்து போவதுபோல் நடிப்பதும் இரு கரைகளிலும் ஒன்றே. பொம்பில் என்னும் வழவழத்த மீனுக்கு மட்டும் அம்மாவிடம் பெயரில்லை. அதற்குப் பெயர் வைக்கவும் அவர் மறுத்துவிட்டார். ஓராண்டிற்குள் அந்தப் பெண்மணி எங்களுக்காக நல்ல மீனை ஒதுக்கி வைக்கலானார். அம்மா அவரைத் "தங்கச்சி" என்கிறார். எங்கள் மகள் அவரை "மாவ்ஷி" என்கிறாள். மராத்தியில் மாவ்ஷி என்றால் சின்னம்மா. ஆக, ஒரு தலைமுறை தள்ளியிருந்தாலும், இருவரும் அறியாமலேயே உறவுமுறை ஏறத்தாழப் பொருந்திவிட்டது.

அந்தச் சந்தையில்தான் வேறொன்றையும் கற்றோம். நமக்குப் புதிதாகத் தோன்றும் இவ்வூர் எல்லாருக்கும் புதிதன்று. நகரம் எழுந்த நிலம் வெற்று நிலமன்று, நெல் விளைந்தது, உப்பு விளைந்தது, மீன் பிடிபட்டது. நிலத்தை இழந்தவர்கள் உரிய ஈடு கேட்டுப் போராடினர். 1984 ஜனவரியில் உரண் பக்கத்து ஜாசையில் துப்பாக்கிச் சூடு நடந்து, அவ்விரு நாள்களில் ஐந்து உழவர்கள் உயிர் நீத்தனர். அப்போராட்டத்தை நடத்தியவர் தி. பா. பாட்டீல். கையகப்படுத்திய நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் திட்டம் அதன் விளைவாகவே பிறந்தது. மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். மண்ணில் இருந்துகொண்டே ஊர் மாறிப்போகக் கண்டவர்கள் அவர்கள். "முன்னே என் வாசலிலிருந்து படகு தெரியும், இப்போது கட்டடம் தெரிகிறது" என்று அந்தப் பெண்மணி கையசைத்துச் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வந்தார். அது அவருடைய வழக்கமன்று.

நான்காவது இன்பம் பருவத்தோடு வருவது. பம்பாயின் மொத்தச் சந்தைகள் ஒவ்வொன்றாக இக்கரைக்கு வந்தன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் 1981இல் வந்தன. காய்கனிகள் 1996இல் வந்தன. பங்குனி சித்திரையில் கொங்கணத்து ரத்னகிரியிலிருந்தும் தேவ்கட்டிலிருந்தும் ஹாபூஸ் மாம்பழம் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். எழுத்தர் ஊதியத்தில் ஒரு பெட்டியைத் தனியாக வாங்குவது எளிதன்று. எங்கள் மாடியில் நான்கு வீடுகள்: மராத்தியர், மலையாளி, குஜராத்தியர், நாங்கள். நால்வரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பங்கிடுவோம். பழுத்தவை, பழுக்கவிருப்பவை, அழுகல் என்று பிரிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் ஒரு வீட்டிற்கு. எங்கள் முறை வந்த ஆண்டில் பங்கீட்டைப் பேரேட்டில் எழுதியதைக் கண்டு, "அரசு ஊழியர் வீடு" என்று குஜராத்தி அம்மையார் நகைத்தார். 2020இல் ஊரடங்கு வந்து, ரயில் நின்று, படிக்கட்டில் கூட முகமூடியோடு நடந்த நாள்களில் இந்த நான்கு வீட்டு ஒப்பந்தமே எங்களைக் காத்தது. ஒருவர் பால் வாங்குவார், ஒருவர் காய் வாங்குவார், ஒருவர் மருந்து. இட்லி மாவு எங்கள் பொறுப்பு. மாம்பழத்தில் பழகிய பங்கீடு நெருக்கடியில் கைகொடுத்தது.

வாசற்கோலத்தையும் குறிப்பிட வேண்டும். மாடி வீட்டிற்கு வாசல் என்பது இரண்டடிச் சதுரத் தரைக்கல். அதில் அம்மா நாள்தோறும் ஐந்து புள்ளிக் கோலம் இடுவார். எதிர்வீட்டு மராத்தியர் தீபாவளிக்கு வண்ண ரங்கோலி இடும்போது அம்மாவைப் புள்ளி வைக்க அழைப்பர். பொங்கலன்று எங்கள் கோலத்திற்கு அவர்கள் வண்ணம் நிரப்புவர். இரு மரபும் கலந்த அந்தக் கோலத்திற்கு எந்த நூலிலும் பெயர் இராது. குழாயைத் திறந்தால் காலையும் மாலையும் மோர்பே அணையின் நீர் வருவதும், பீப்பாயில் பிடித்து வைக்கும் கவலை ஒழிந்ததும் இல்லத்தரசியின் பட்டியலில் முதலிடம் பெறுபவை. அவர் எழுதியிருந்தால் இக்கட்டுரை நீரிலிருந்தே தொடங்கியிருக்கும்.

இவ்வளவு இன்பங்களுக்கிடையே அம்மாவின் மனம் எதில் நிலைகொண்டது என்பதை நெடுநாள் எங்களால் அறிய இயலவில்லை. வந்த ஆண்டில் அவர் மிகவும் மெலிந்தார். பேச்செல்லாம் விழுந்த தென்னைகளைப் பற்றியே. அந்த மார்கழியில் செம்பூர் முருகனைக் கண்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓதம் இறங்கியிருந்தது. பாலத்தின்மேல் வண்டி மெல்லச் சென்றபோது, சேற்றுப் பரப்பில் நெடுந்தூரம் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். "தம்பி, இது நம்ம கோடியக்கரைப் பறவையில்ல?"

பூநாரைகள்! குளிர்காலந்தோறும் தானே கழிக்குப் பல்லாயிரக்கணக்கில் அவை வருகின்றன. மழை தொடங்குமுன் திரும்புகின்றன. 2015இல் கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. கோடியக்கரைக்கும் பூநாரைகள் வருவதுண்டு. "அங்க வர்றது பெரும்பாலும் பெரும்பூநாரை, அப்பாயி. இங்க நிறைய இருக்கிறது சிறுபூநாரை" என்று பள்ளியில் படித்ததை மகள் விளக்கினாள். அப்பாயி அதை ஒப்பவில்லை. "பெருசோ சின்னதோ, நம்ம பக்கத்துப் பறவைதான். அதுக்கு இங்கயும் எரை இருக்கு, அங்கயும் எரை இருக்கு" என்றார். அன்றிரவு, வந்த நாளுக்குப் பின் முதன்முறையாக, இரண்டாம் முறை சோறு கேட்டு உண்டார். எந்த மருத்துவரும் அதுவரை செய்ய முடியாததை ஓதம் இறங்கிய ஒரு மாலைப்பொழுது செய்தது.

சிறு இன்பங்கள் ஊரை உண்டாக்குகின்றனவா என்னும் வினாவிற்கு எங்கள் இல்லத்தில் விடை கிடைத்தது ஓர் அரசுப் படிவத்தின் வழியாக. மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் விடுமுறைப் பயணச் சலுகைக்காகத் தம் 'சொந்த ஊர்' இன்னதென்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது பணிப்பதிவேட்டில் ஏறும். தக்க காரணம் காட்டித் துறைத் தலைவரின் இசைவு பெற்றால் மாற்றலாம். ஆனால் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான். பிறந்த ஊரை மாற்ற அரசு மனிதனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது என்பதே வியப்பு. ஒன்றுக்குமேல் கொடுக்கவில்லை என்பது அறிவு.

2023இல் ஊரிலிருந்து உறவினர் ஒருவர் பழைய மனையை விலைக்குக் கேட்டார். கூரையின் மீதமும் சரிந்திருந்தது. விலை நியாயமானதே. மகளின் கல்லூரிச் செலவு கண்முன் நின்றது. விற்றுவிட்டால் பதிவேட்டில் உள்ள ஊர்ப்பெயருக்குப் பொருள் ஏது என்னும் பேச்சும் எழுந்தது. வாஷி என்று மாற்றி எழுதலாமா என்று இல்லத்தரசி கேட்டார். பணிபுரியும் நகரே சொந்த ஊரும் ஆகிவிட்டால் அங்கே செல்லச் சலுகை எதற்கு? சட்டத்தின் கண்ணில், சொந்த ஊரில் வாழும் ஊழியன் பயணம் போக வேண்டியவன் அல்லன். அந்த எண்ணம் சிரிப்பையும் தந்தது. ஏனோ சிறிது பொறாமையையும் தந்தது.

முடிவு அம்மாவினுடையது, மனை அவர் பெயரில் இருந்தது. இரண்டு மாதம் அவர் வாய் திறக்கவில்லை. தை மாதம் அவரை ஊருக்கு அழைத்துச் சென்றோம். சரிந்த சுவரைச் சுற்றி வந்தார். புயலுக்குப் பின் பக்கத்து வீட்டார் நட்டு வளர்த்த கன்றுகளைத் தொட்டுப் பார்த்தார். கேட்டவரிடம், "இப்ப வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். எட்டாம் நாள் காலையில் எங்களிடம், "வீட்டுக்கு எப்ப டிக்கெட்டு? மாவ்ஷி தேடுவா" என்றார்.

வீடு! பிறந்து, வாழ்க்கைப்பட்டு, எழுபது ஆண்டு வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு அவர் அச்சொல்லை வாஷிக்குக் கொடுத்தார். ஊர் என்னும் சொல்லை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் இதைப் பற்றிக் கேட்டோம். "ஊரு ஊருதான், வீடு வீடுதான். ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கணும்னு யாரு சொன்னா? நீ எழுதிக் குடுக்கற காயிதத்துல எழுத ஒரு பேரு வேணுமில்ல? அதுக்காவது அது கெடக்கட்டும்" என்றார்.

எங்கள் வினாவிற்கு இதைவிட நேரான விடை வேறில்லை. சிறு இன்பங்கள் வீட்டைக் கட்டுகின்றன. ஜன்னலோர இருக்கை, மதகடி, ஒதுக்கி வைத்த மீன், பங்கிட்ட மாம்பழம், எதிர்வீட்டாரின் வண்ணம் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு செங்கல். ஊர் அவ்வாறு கட்டப்படுவதன்று. அது பின்னே நின்று நம்மை அழைப்பது. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நம்மை நாமே வருத்திக்கொள்வதில் பயனில்லை. எங்கள் மகளின் நிலை வேறு. அவளுக்கு நினைவு தெரிந்த கோலமும், குளமும், தோழியரும் இங்கேயே. "எந்த ஊர்?" என்றால் தயங்காமல் வாஷி என்கிறாள். அவளுக்கு ஊரும் வீடும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஞாயிறுதோறும் அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்கிறோம். அவள் ஊரை மாற்றுவதற்காக அன்று. அப்பாயி சொல்வதை அவள் மொழிபெயர்ப்பின்றிக் கேட்க வேண்டும் என்பதற்காக. பணிப்பதிவேட்டில் ஊர்ப்பெயர் இன்றும் பழையபடியே இருக்கிறது. ஒரு முறை மாற்றும் உரிமையை நாங்கள் பயன்படுத்தவில்லை.

2024இல் தொடங்கி வாஷிக்கு மூன்றாம் சாலைப் பாலமும் வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் இன்னும் பல இக்கரைக்கு வருகின்றன. அவர்களுக்குச் சில சொற்கள். முதல் மாதம் எண்கள் மயக்கும். நாள்தோறும் போகும் இடம் ஒன்றிற்கு உங்கள் வாயால் ஒரு பெயர் வையுங்கள். பாலத்தைக் கடக்கும்போது கைப்பேசியைப் பையில் வையுங்கள். மார்கழியிலிருந்து சித்திரை வரை, ஓதம் இறங்கிய வேளையில் கழியின்மேல் கண் வையுங்கள். மாலையில் கொசுவுக்கு முன் ஜன்னலைச் சாத்துங்கள். கிராமத்துச் சந்தையில் மீன் வாங்கும்போது பேரம் பேசலாம். நெடுநேரம் பேச வேண்டாம். காப்பிப்பொடிக்குக் கவலை வேண்டாம். மாட்டுங்காவிலிருந்து மாதம் ஒருமுறை வாங்கி வருகிறோம். தீர்ந்துபோனால் எங்கள் கதவைத் தட்டலாம். வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் இருக்கும்.